நெடுங்கம்பியும் குறுங்கம்பியும்

கொல்லிமலைக்கு வரும் விருந்தினர் முதலில் வியப்பது எழுபது கொண்டை ஊசி வளைவுகளை. அடுத்து ஆகாய கங்கை அருவியை. அதன் பின் அவர்கள் கேட்பது வல்வில் ஓரியின் கதையை. ஆடி மாதத்தில் அவ்வள்ளலுக்கு விழா எடுக்கும் மலை இது. ஆகவே அக்கதை எங்கள் பள்ளியின் சிறுமியருக்கும் மனப்பாடம். ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, இறுதியில் ஓர் உடும்பில் போய்த் தைத்ததாம். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் இதனைக் கூறுகிறார்.

அப்பாடலில் நாம் கவனிக்க மறக்கும் செய்தி ஒன்று உண்டு. ஓரியைக் கண்ட அந்தக் கூட்டம் யாழும் முழவும் சுமந்து வந்த இசைக் கூட்டம். வில்லாளியின் முன்னே யாழ் ஒலித்தது. இது பொருத்தமே. ஏனெனில் வில்லும் யாழும் உடன்பிறப்புகள். ஆயன் ஒருவன் குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி இசைத்த ‘வில்யாழ்’ பற்றிப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. இழுத்துக் கட்டிய நாண் அம்பையும் விடும், இசையையும் தரும். அந்த நாண் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் பொருள்.

எங்கள் பாடகர் குழுவில் எழுந்த கேள்வி

எங்கள் பாடகர் குழுவுக்கு நல்ல உள்ளம் படைத்த ஒருவர் மின் பாஸ் கிதார் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். ஆர்மோனியமும் சாதாரண கிதாரும் மட்டுமே கண்டிருந்த எங்களுக்கு அது பெரும் மகிழ்ச்சி. ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்தி அதனைக் கற்க முன்வந்தாள். ஆனால் ஒரு வாரத்திலேயே அவள் முகம் வாடிவிட்டது. கருவியின் கழுத்து அவள் கைக்கு மிக நீளம். முதல் மெட்டில் ஒரு விரலை வைத்தால் நான்காம் மெட்டுக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை. மணிக்கட்டில் வலியும் வந்தது. “இது பெண்பிள்ளைகளுக்கு ஆகிற வாத்தியம் அல்ல, யாராவது அண்ணன்மாரிடம் கொடுத்துவிடுங்கள்” என்று சிலர் அறிவுரை கூறினர். “கழுத்து குட்டையான பாஸ் கிதாரும் உண்டே” என்றார் ஒருவர். “அது விளையாட்டுச் சாமான், அதில் நாதம் வராது” என்று மறுத்தார் இன்னொருவர்.

எங்கள் இசை ஆசிரியையான அருட்சகோதரி இருவரையும் மறுக்கவில்லை. “இயற்பியல் ஆசிரியையிடம் போய்க் கேளுங்கள். தெரிந்துகொண்டு வந்து எனக்கும் சொல்லுங்கள்” என்றார். அப்படி நாங்கள் தெரிந்துகொண்டதையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

ஸ்கேல் நீளம் என்றால் என்ன?

வீணையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் குதிரை என்னும் சிறு மேடு உண்டு; மறுமுனையில் கம்பி இன்னொரு மேட்டைத் தொட்டுப் பிரடைகளுக்குச் செல்கிறது. இவ்விரு மேடுகளுக்கு இடைப்பட்ட கம்பியே அதிர்ந்து ஒலிக்கிறது. கிதாரிலும் அப்படியே. உடற்பகுதியில் இருக்கும் மேட்டைப் பிரிட்ஜ் என்றும், தலைப்பகுதியில் இருப்பதை நட் என்றும் அழைப்பர். மெட்டில் விரல் வைக்காதபோது இவ்விரண்டுக்கும் இடையே அதிரும் கம்பியின் நீளமே ‘ஸ்கேல் நீளம்’. கருவியின் மொத்த நீளம் வேறு, ஸ்கேல் நீளம் வேறு என்பதை மறக்கக் கூடாது.

சாதாரண கிதாரின் ஸ்கேல் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். பாஸ் கிதாரில் இருவகை அளவுகள் பெரிதும் வழங்குகின்றன. நெடிய வகை 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். குறுகிய வகை 30 அங்குலம், அதாவது சுமார் 76 சென்டிமீட்டர். வித்தியாசம் நான்கே அங்குலம். அந்த நான்கு அங்குலம் என்ன செய்துவிடும்?

துறவி ஒருவர் வகுத்த விதி

இக்கேள்விக்கு விடை தேடினால் நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட துறவி ஒருவரிடம் போய்ச் சேர்கிறோம். அவர் பெயர் மாரன் மெர்சென் (1588–1648). மினிம் சபையைச் சேர்ந்த குரு. பாரிஸ் நகரத் துறவு மடத்தில் வாழ்ந்தவர். செபமும் கணிதமும் இசையும் அவருக்கு ஒருசேரப் பிடித்தவை. கண்ணால் எண்ணக்கூடிய வேகத்தில் அதிரும் மிக நீண்ட கயிறுகளைக் கட்டி ஆராய்ந்து, 1636-இல் இசை பற்றிய தம் பெருநூலில் கம்பிகளின் விதிகளை வெளியிட்டார். இன்றும் மேல்நிலை வகுப்பு அக்காமார் சுரமானி என்னும் கருவியை வைத்து ஆய்வகத்தில் சரிபார்ப்பது இவ்விதிகளையே.

விதிகள் மூன்று. ஒன்று, கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். அதாவது சுருதி ஒரு ஸ்தாயி மேலேறும். இரண்டு, இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரட்டிக்கும். மூன்று, ஒரே நீளத் துண்டின் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

ஆகவே கீழ்ச்சுருதி வேண்டுமானால் வழிகள் மூன்றே: கம்பியை நீட்டலாம், தளர்த்தலாம், அல்லது கனமாக்கலாம். பாஸ் கிதாரின் நான்கு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் தடித்த கம்பியான ஈ, ஒரு வினாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. ஏ 55 முறை, டி சுமார் 73 முறை, ஜி 98 முறை. சாதாரண கிதாரைவிட இது ஒரு ஸ்தாயி கீழே. இவ்வளவு தாழ்ந்த சுருதியைப் பெறத்தான் பாஸ் கிதாரின் கம்பி நீண்டும் தடித்தும் இருக்கிறது.

சுரமானியில் ஒரு சோதனை

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். சுரமானியின் இரு கட்டைகளை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, கம்பியில் 4 கிலோ எடை தொங்கவிடுங்கள். மீட்டி, அந்தச் சுருதியை மனத்தில் வாங்குங்கள். பின்னர் இடைவெளியை 30 சென்டிமீட்டராகக் குறைத்து, எடையை 1 கிலோவாக்குங்கள். சுருதி மாறவில்லை! நீளம் பாதியானபோது இழுவிசை கால் பங்கானால்தான் சுருதி அப்படியே நிற்கும்.

இந்தக் கணக்கைக் கிதாரில் போட்டுப் பார்ப்போம். 34 அங்குலக் கருவியிலுள்ள அதே கம்பியை 30 அங்குலக் கருவியில் மாட்டி, அதே சுருதிக்குச் சேர்த்தால், இழுவிசை ஏறத்தாழ 22 விழுக்காடு குறைகிறது. நீளத்தில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு. இறுக்கத்தில் குறைந்ததோ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நான்கு அங்குலத்தின் வேலை இதுதான்.

சுருதி ஒன்று, நாதம் ஏன் வேறு?

சுருதி ஒன்றாக இருக்க, நாதம் மட்டும் மாறுவானேன்? ஒரு கம்பி அதிரும்போது ஒரே ஓர் ஒலி மட்டும் எழுவதில்லை. கம்பி முழுவதும் அதிர்வதோடு, பாதி பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. இவ்வாறு எழும் நுண்ணிய மேலொலிகளை மேற்சுரங்கள் என்போம். தாயைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதுபோல் அடிப்படை ஒலியைச் சுற்றி இவை நிற்கின்றன. பிள்ளைகள் எத்தனை பேர், எவர் குரல் உரத்தது என்பதைப் பொறுத்தே நாதத்தின் குணம் அமைகிறது. மேற்சுரங்கள் மிகுந்தால் நாதம் தெளிவாகவும் பளிச்சென்றும் இருக்கும். அவை குறைந்தால் நாதம் உருண்டு, மென்மையாகக் கேட்கும்.

குறுங்கம்பியில் மேற்சுரங்கள் மூன்று காரணங்களால் மாறுகின்றன.

முதலாவது, கம்பியின் விறைப்பு. நூலைப்போலத் துவளும் கம்பியில் மேற்சுரங்கள் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று ஒழுங்காக நிற்கும். உருக்குக் கம்பியோ சற்று விறைப்பானது. ஆதலால் மேற்சுரங்கள் தம் இடத்தைவிட்டுச் சிறிது மேலே நகர்கின்றன. கம்பி குறுகி, தளரத் தளர இந்தப் பிறழ்ச்சி வளரும். ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் 34 அங்குலத்தைவிட 30 அங்குலத்தில் இப்பிறழ்ச்சி ஒன்றரை மடங்குக்கும் அதிகம். தடித்த ஈ கம்பியில்தான் இது நன்கு தெரியும். குறுகிய பாஸ் கிதாரில் அந்தக் கம்பி சற்று மங்கலாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, விரலின் அகலம். நம் விரல் நுனி மெத்தென்றது. அது கம்பியை ஓர் ஊசிமுனையில் அன்று, ஓர் அகலத்தில் தொடுகிறது. அந்த அகலத்துக்குள் அடங்கிவிடும் மிக நுண்ணிய அதிர்வுகள் எழுவதற்கு முன்பே மழுங்கிவிடும். விரல் அதேதான், கம்பி குறுகினால் விரல் பிடிக்கும் பங்கு பெரிதாகிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்னும் காந்தச் சுருளுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, கம்பியின் தளர்ச்சி. தளர்ந்த கம்பி, ஒரே அளவு விசையில் மீட்டினாலும் அகலமாக ஆடும். பலமாக மீட்டினால் அது ஒரு கணம் கூடுதலாக இழுபட்டு, சுருதி சிறிது ஏறி, பின் தன் இடத்துக்கு இறங்கும். அதனால் ஒலியின் தொடக்கம் ‘டங்’ என்று வெட்டினாற்போல் இராமல் ‘தும்’ என்று உருண்டு வருகிறது.

சுருங்கச் சொன்னால், நெடுங்கம்பியின் நாதம் தெளிவு, இறுக்கம், பளபளப்பு. குறுங்கம்பியின் நாதம் வெதுவெதுப்பு, உருட்சி, மென்மை. ஆனால் நீளம் ஒன்றே நாதத்தைத் தீர்மானிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கம்பியின் வகை, பிக்கப் இருக்கும் இடம், ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக வாசிப்பவரின் கை ஆகியவையும் சேர்ந்தே நாதம் பிறக்கிறது. பழங்கம்பியைக் கழற்றிப் புதுக்கம்பி மாட்டினால் ஒரே கருவி வேறு கருவிபோல் ஒலிப்பதை நாங்களே கேட்டோம்.

கம்பியின் மேல் கம்பி

‘நீளம் குறைந்தால் என்ன, தடித்த கம்பியைப் போட்டு இறுக்கத்தை மீட்கலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் தடித்த கம்பி மேலும் விறைப்பானது. மேற்சுரங்கள் மேலும் பிறழும். இதற்கு முன்னோர் கண்ட உபாயம், மெல்லிய உட்கம்பியின்மீது இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. எடை கூடும், விறைப்பு அவ்வளவாகக் கூடாது. பாஸ் கிதார்க் கம்பிகள் யாவும் இவ்வாறு சுற்றப்பட்டவையே. உருண்டைக் கம்பியால் சுற்றினால் நாதம் பளிச்சென்று இருக்கும்; தட்டைக் கம்பியால் சுற்றினால் மென்மையாக இருக்கும்.

பழகிய கருவிகளில் இதே பாடம்

இது நமக்குப் புதிதல்ல. தம்புராவில் ஆண் தம்புரா, பெண் தம்புரா என்று இருவகை உண்டு. ஆண்குரலின் தாழ்ந்த சுருதிக்கு நீண்ட தம்புரா. பெண்குரலின் உயர்ந்த சுருதிக்குச் சிறிய தம்புரா. பியானோவிலும் அவ்வாறே. பெரிய கச்சேரிப் பியானோ ஏறக்குறைய 9 அடி நீளம் இருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல. தாழ்ந்த சுரங்களின் கம்பிகளுக்கு நீளம் கொடுத்து, அவற்றின் ஒலியைத் தெளிவாக்கவே அந்த ஏற்பாடு. வீட்டில் சுவரோரம் வைக்கும் சிறிய பியானோவில் கீழ்க்கட்டைகள் சற்றுக் கலங்கலாக ஒலிப்பதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

34 எப்படி வந்தது? 30 எப்படி வந்தது?

முன்பெல்லாம் தாழ்ந்த சுருதிக்கு ஆளுயர டபுள் பாஸ் என்னும் கருவியே கதி. அதன் கம்பி நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். அதனைத் தூக்கிச் செல்வதும் தொல்லை. மெட்டுகள் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிப்பதும் தொல்லை. 1951-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் மின் பாஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெட்டுகள் இருந்ததால் சுரம் துல்லியமாக விழும். ஆகவே ‘பிரிசிஷன் பாஸ்’ என்று பெயரிட்டார். அதன் ஸ்கேல் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பாஸ் கிதார்களுக்கு அதுவே அளவு. 1953-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட பாஸின் நீளம் 30½ அங்குலம். 1956-இல் ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் வயலின் வடிவில் ஏறத்தாழ 30 அங்குல நீளத்தில் ஒரு பாஸ் கிதார் செய்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கி, உலகம் முழுவதும் ஒலிக்கச் செய்தது அந்தக் குறுங்கழுத்துக் கருவியைத்தான். அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

மறுபுறம், ஈ கம்பிக்கும் கீழே, வினாடிக்குச் சுமார் 31 முறை அதிரும் ஐந்தாம் கம்பி ஒன்றைச் சேர்த்தபோது, சிலர் நீளத்தை 35 அங்குலமாக உயர்த்தினர். அக்கம்பி தளர்ந்து மங்கிவிடாமல் இருக்க அது உதவுகிறது.

‘பெண்பிள்ளைகளுக்கு ஆகாது’ என்ற சொல்லுக்கும் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் எண்ணற்ற பாடல்களுக்கு பாஸ் கிதார் வாசித்தவர் கரோல் கே என்னும் பெண்மணி. நம் நாட்டில் மோகினி டே, சிறு வயதிலேயே தம் தந்தையிடம் பாஸ் கிதார் கற்று, ஏ. ஆர். ரகுமான் அவர்களின் நிகழ்ச்சிகளிலும் வாசித்தவர்.

கையின் கணக்கு

இனி எங்கள் தோழியின் கைக்கு வருவோம். ஸ்கேல் நீளம் குறைந்தால் மெட்டுகளின் இடைவெளியும் அதே விகிதத்தில் குறையும். முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டுவரை 34 அங்குலக் கருவியில் 13 சென்டிமீட்டர். 30 அங்குலக் கருவியில் 11½ சென்டிமீட்டர். இந்த ஒன்றரைச் சென்டிமீட்டர்தான் அவளைப் படுத்திய பாடு!

ஆனால் அளந்து பார்த்தபோது இன்னோர் உண்மையும் புலப்பட்டது. மெட்டுகள் பிரிட்ஜை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன. நெடுங்கருவியிலேயே ஐந்தாம் மெட்டிலிருந்து எட்டாம் மெட்டுவரை உள்ள தூரம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். அதாவது, அந்த இடத்தில் பழகத் தொடங்கினால், நெடுங்கருவியும் குறுங்கருவியைவிட எளிது. மேலும், முதல் நான்கு மெட்டுகளில் ஒரு மெட்டுக்கு ஒரு விரல் என்ற கட்டாயமும் இல்லை. டபுள் பாஸ் வாசிப்போரைப் போலக் கையை நகர்த்தி, மூன்று மெட்டுகளை நான்கு விரல்களால் சமாளிக்கலாம். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்வது வீரம் அன்று.

இரண்டையும் கேட்டோம்

சமவெளியில் உள்ள ஒரு பங்கின் பாடகர் குழுவிடமிருந்து குறுகிய பாஸ் கிதார் ஒன்றை இரு நாட்களுக்கு இரவல் வாங்கினோம். சிற்றாலயத்தில் பாடகர் குழுவைத் திரும்பி நிற்கச் செய்து, இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார் அருட்சகோதரி. எது எது என்று சொல்லவில்லை. எங்களில் பெரும்பாலோர் குறுங்கருவியின் ஒலியையே விரும்பினோம். சுவர்கள் எதிரொலிக்கும் அந்தச் சிற்றிடத்தில் அதன் உருண்ட நாதம் எங்கள் குரல்களுக்குக் கீழே பாய் விரித்ததுபோல் அமைந்தது. மறுநாள் திறந்த மைதானத்தில் வாசித்தபோதோ, காற்றில் குறுங்கருவியின் ஈ கம்பி கரைந்துவிட்டது. நெடுங்கருவியின் ஒவ்வொரு சுரமும் எண்ணி எடுக்கலாம்போல் தெளிவாகக் கேட்டது. எது சிறந்தது என்ற எங்கள் கேள்வி, எங்கே, எதற்கு, யாருக்கு என்று மாறிவிட்டது.

குறுங்கருவி வாங்கப் பள்ளியில் இப்போது பணம் இல்லை. ஆயினும் எங்கள் தோழி பின்வாங்கவில்லை. மெல்லிய கம்பிகளை மாட்டி, ஐந்தாம் மெட்டிலிருந்து தொடங்கி, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் பழகினாள். கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலியில் மூன்று பாடல்களுக்கு அவளே வாசித்தாள். அவள் தாயார் கடைசி வரிசையில் அமர்ந்து, மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழந்தமிழகத்தில் பெரிய யாழ் வாசித்தவரைப் பெரும்பாணர் என்றும், சிறிய யாழ் வாசித்தவரைச் சிறுபாணர் என்றும் அழைத்தனர். இருவகைப் பாணருக்கும் தனித்தனியே ஆற்றுப்படை நூல் உண்டு. நம் மலையின் ஓரியைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக வைத்துப் பாடுவது சிறுபாணாற்றுப்படையே. சிறிய யாழ் ஏந்தியவனை அரைப் பாணன் என்று எவரும் இகழ்ந்ததில்லை.

ஆதலால், தோழியரே, ஏதேனும் ஒரு வாத்தியமோ வேலையோ உங்கள் கைக்கு எட்டவில்லை என்று பிறர் சொன்னால், உடனே கீழே வைத்துவிடாதீர்கள். முதலில் ஓர் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். பெற்றோரே, உங்கள் மகள் பாஸ் கிதார் கேட்டால், கடையில் அவள் கையில் கொடுத்துப் பார்த்து, அதன் பின் வாங்குங்கள்.